நிலையில் கட்டிய கொத்து

அந்தக் காலையில் வீட்டில் இருந்தவர்கள் நான், அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா. அப்பா இல்லை. தவளக்குப்பத்தில் ஒரு குடோனில் தங்கி வாட்ச்மேன் வேலை பார்த்து வந்தார். அவர் இருந்திருந்தால் மாமாவைக் கொல்லைப் பக்கமே விட்டிருக்க மாட்டார்.

கொல்லையில் மரவள்ளி நட்டிருந்தோம். அதன் நடுவே மாமா இரண்டு கஞ்சாச் செடிகளை வளர்த்து வைத்திருந்தது எனக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. மரவள்ளி இலையும் விரல் விரலாகப் பிரிந்திருக்கும், இதுவும் அப்படித்தான். தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கரும்பு ஏற்றிய டிராக்டரிலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் கிடையாது. செடி அதற்குத்தான், விற்க அல்ல. அம்மாவிடம் மூலிகை என்று சொல்லியிருந்தார்.

எனக்கு வேறு கவலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரித்து நல்லபடியாக எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. இந்த வாரம் வருவோம் என்று போனில் சொன்னார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை. ரோட்டில் எந்த பைக் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருவேன். சோறு இறங்கவில்லை.

"புடுங்கி ஏரியில போடு மாமா," என்றேன் முந்தின நாள் ராத்திரி.

"பூ இப்பத்தான் பதமா நிக்குது மாப்ள. இத்தினி மாசம் தண்ணி ஊத்தனவன் நானு. காலையில அறுத்து ஏரிக்கரை மோட்டார் கொட்டாய்க்கு எடுத்துட்டுப் போயிடறன். நீ படிச்சவன், கூட நில்லு."

எங்கள் வீட்டில் மாடு பிடிக்கக் கூப்பிடும்போதும் 'நீ படிச்சவன்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

விடிந்ததும் அறுத்தோம். கீழே பழைய வேட்டியை விரித்தோம். மாமா ஒவ்வொரு கொத்துக்கும் அடியில் கைகொடுத்து, வெட்டி, பச்சைப் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தினார். எனக்கும் அதே கவனம்தான், காரணம் வேறு. அவர் பூ கசங்கக் கூடாதென்று பார்த்தார். நான் மண்ணில் ஓர் இலை கிடக்கக் கூடாதென்று பார்த்தேன். மண்டி போட்டுப் பொறுக்கினேன். பொறுக்கியதில் பாதி மரவள்ளி இலை.

"இன்னா மாப்ள, பேன் பாக்குறியா?"

"வேல போச்சுன்னா நீயா சோறு போடுவ?"

"வேல கெடைக்கட்டும், நீ எனக்குப் போடு."

கையெல்லாம் பிசின். சாம்பல் வைத்துத் தேய்த்தும் வாசனை போகவில்லை. நடுவில் அம்மா வந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு போனதை இருவருமே கவனிக்கவில்லை.

வேட்டியை மூட்டையாகக் கட்டி மாமா தூக்குவதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. அவரை மரவள்ளிக்குள் உட்காரச் சொல்லிவிட்டு ஓடினேன்.

வந்தவர் ஏட்டு. அம்மா அவருக்கு வாசற்படியோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். எங்கள் ஊர் போலீசின் சிவப்புத் தொப்பி மடியில் இருந்தது. எங்கள் வீட்டு வாசல் நிலை குனிந்து நுழைகிற உயரம். அதில், அவர் தலைக்குச் சற்று மேலே, மஞ்சள் நூலில் பச்சையாகத் தொங்கியது அந்தக் கொத்து.

எங்கள் நிலத்தில் நெல்லோ உளுந்தோ கத்திரிக்காயோ, எதை அறுத்தாலும் முதல் கொத்து நிலையில் ஏறாமல் மிச்சம் வீட்டுக்குள் வராது. அது அம்மாவுக்கும் அவருடைய சாமிக்கும் உள்ள ஏற்பாடு. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு மறந்து போனேன்.

"கேஸு கீஸு ஒண்ணும் இல்லியே?" என்றார் ஏட்டு.

"இல்ல சார்."

"பழக்கம் எதுனா?"

"இல்ல சார்." என் கண் மேலே போகாமல் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

அவர் மூக்கை உறிஞ்சினார். "இன்னா வாசனை இது?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா வளர்த்து வந்த ஆட்டுக்கிடா படியேறி, பின்னங்காலில் நின்று, கொத்தை நூலோடு இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

"ஐயோ, மொத வெள்ளாமைய துன்னுட்டுதே!" அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். "தம்பி இடுப்புக்கு மருந்து சார். அவனே நட்டு வளத்தது."

ஏட்டு கிடாவின் வாயோரம் நீட்டிக்கொண்டிருந்த ஓர் இலையை உருவினார். விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு இலையைக் கிடாவுக்கே கொடுத்தார்.

"கெடா இன்னா வெல போவும்?"

"எட்டாயிரத்துக்குக் கேட்டாங்க சார், நான் குடுக்கல. இவன் வேலைக்குப் போறப்ப துணிமணி, செருப்பு எடுக்கணும்னு வெச்சிருக்கன்."

"நம்ம வூட்டுல காதுகுத்து வருது. ஐநூறு வெச்சிக்கோம்மா. சாயங்காலம் ஆள் அனுப்பறன்."

அம்மா என்னைப் பார்த்தார். கை கிடாவின் கயிற்றை விடவில்லை.

"குடும்மா, சார் கேக்குறாரு இல்ல," என்றேன்.

மாமா மூட்டையைக் கொட்டாய்க்குக் கொண்டு போகவில்லை. யாரும் சொல்லாமலே எருக்குழியில் கொட்டி மண் தள்ளினார். கிடா சாயங்காலம் வரை சுவரில் சாய்ந்தே நின்றது. ஆட்டோவில் ஏற்றும்போதுகூடக் கத்தவில்லை.

ஏட்டு நல்லபடியாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய செருப்போடு போய் வேலையில் சேர்ந்தேன். பைக் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். அம்மாவுக்கு அந்தச் செடி என்னவென்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஆனால் மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகும்போதெல்லாம் அம்மா கணக்கு மட்டும் சொல்லிக் காட்டுவார்: எட்டாயிரத்தில் ஐநூறு போக, ஏழாயிரத்து ஐநூறு.