காலக்டோஸ் பாட்டில்

எண்பதுகளில் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்தேன். அங்கே ஆய்வகப் பொருள் அறைக்கு ஒரு காப்பாளர் இருந்தார். ஒட்டிய கன்னம், சிரித்தறியாத வாய். யார் உள்ளே நுழைந்தாலும் அவர் கை இடுப்பிலிருக்கும் சாவிக்கொத்தைத் தடவிப் பார்க்கும். அவருக்கும் எனக்கும் ஆகாது.

ஈஸ்டில் ஒரு கட்டுப்பாட்டு மரபணு உண்டு. குளுக்கோஸ் இருக்கும்வரை, காலக்டோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களை அது வேலை செய்ய விடாது; தீர்ந்ததும் விட்டுவிடும். மாணவர்களுக்கு அதைச் சோதனையாகவே காட்டிவிட ஆசைப்பட்டு, அவரிடம் போய்க் காலக்டோஸ் கேட்டேன்.

"அதுவும் சர்க்கரைதானுங்க? குளுக்கோஸ் டப்பா கெடக்குது. மொதல்ல அது தீரட்டுங்க."

"எனக்கு ரெண்டும் வேணுமுங்க. பாடத்துக்கு."

"அது இருக்கற வரைக்கும் இதைத் தொறக்க மாட்டனுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சோதனை இல்லாமலே பாடம் நடத்தினேன். நடந்ததை அப்படியே சொல்லி, "அந்த மரபணு செய்யறதும் இதேதான்" என்றேன். வகுப்பே சிரித்தது, எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

ஒருவழியாகக் குளுக்கோஸ் தீர்ந்தது. அன்றே போய் அவர்முன் நின்றேன். கை சாவிக்குப் போயிற்று.

"குளுக்கோஸுக்குச் சொல்லியாச்சுங்க. புது டப்பா வந்துரும்."

ஈஸ்ட் எவ்வளவோ மேல்.