தனக்கோடியின் மஞ்சள் கொத்து

சேலையூரில் தனக்கோடியைத் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைப் பிடித்து, "நான் விவசாயிங்க" என்று ஆரம்பிப்பார். பஸ் வரும்வரை தப்ப முடியாது. மிச்சம் இருந்தது வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு கிரவுண்டு நிலம். அதில் மஞ்சள் போட்டு, பொங்கலுக்குக் கொத்துக் கொத்தாகத் தெருவில் விற்பார். அந்த இடமும் போனால் விவசாயி என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒரு மண்வெட்டிதான் இருக்கும்.

அங்கே இரண்டு போர்ஷன் கட்ட வேண்டும் என்பது அவர் மனைவி சாமுண்டீஸ்வரியின் ஆசை. எண்பத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்கு முன்பே எச்சரித்துவிட்டாள்.

"இந்த வாட்டி மஞ்சாவுல எதுனா கொறை வந்துச்சு, நேரா கொத்தனாரைக் கூட்டாந்துடுவேன், ஆமா."

குறை வந்தது. அந்த முறை விதைக்கிழங்கைத் தாம்பரம் மார்க்கெட்டில் யாரோ புது ஆளிடம் வாங்கியிருந்தார். மண் ஒட்டிய கிழங்கை ஒடிக்காமல் முழுசாகவே நட்டார். இலையும் தண்டும் மஞ்சள் மாதிரியேதான் வளர்ந்தன. கொத்து ஒரே நாளில் விற்றுப்போனது. பானையில் கட்டும் கொத்தை யார் நறுக்கிப் பார்க்கிறார்கள்? மறுநாள் பெண்கள் பூசிக் குளிக்கக் கல்லில் அரைத்தபோது கிழங்கு வெளுத்திருந்தது. பச்சை மாங்காய் வாசனை வேறு. அன்றைக்குப் பாதிச் சேலையூர் ஊறுகாய் ஜாடி மாதிரி மணத்தது.

முதலில் வந்தவள் பக்கத்துத் தெரு சரசு.

"இன்னாண்ணா, மஞ்சா கேட்டா மாங்கா இஞ்சி குடுத்துகீறே?"

அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். என் மனைவியும் அதில் உண்டு. துணைக்கு என்னையும் இழுத்து வந்திருந்தாள். சாமுண்டீஸ்வரி கிழங்குகளைத் திரும்ப வாங்கினாள். தோல் சீவி, பொடியாக நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள். சண்டைக்கு வந்தவர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு போனார்கள். நான் இரண்டாவது கிண்ணத்துக்காக நின்றேன். அதனால்தான் மீதியும் எனக்குத் தெரியும்.

"ஒடிச்சு மோந்து பாத்தா கொயந்தைக்குக்கூடத் தெரியுமே! நீ இன்னா விவசாயி?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

தனக்கோடி தரையைப் பார்த்தார். "எனக்கு மூக்கு வேலை செய்யாது. பொறந்ததுலேர்ந்தே. வாசனைன்னா இன்னான்னே தெரியாது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருவது வருசமா என் மீன் கொயம்பு வாசனை தெருக்கோடி வரைக்கும் தூக்குதுன்னு சொன்னியே?"

"மூடியத் தொறந்து நீ மோந்து பாப்பியே, அப்போ உன் மூஞ்சியப் பாப்பேன். அத வெச்சுத்தான் சொன்னேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய்க் காரம் என்று சொல்லிக்கொண்டேன்.

கொத்தனார் வரவில்லை. வைகாசியில் விதைக்கிழங்கு வாங்கத் தனக்கோடி மார்க்கெட்டுக்குப் போனபோது சாமுண்டீஸ்வரியும் கூடவே பஸ் ஏறினாள். கடைக்காரர் முறைக்க முறைக்க, ஒவ்வொரு கிழங்காக ஒடித்து மோந்து பார்த்தாள். தனக்கோடி கிழங்குப் பக்கமே திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.