திரும்பப் பெற்ற கட்டுரை

எங்கள் வளாகத்தின் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருக்க எவருக்கும் விருப்பம் இருக்கவில்லை. அதனால் சம்பளம் கூடப்போவதில்லை, பகைதான் கூடும். "நீங்க ஆரையும் நம்ப மாட்டீங்க, இந்த வேலைக்கு நீங்கதான் சரி" என்று பீடக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் மீன்காரரின் தராசையும் பார்ப்பேன், பேராசிரியரின் அடிக்குறிப்பையும் பார்ப்பேன். அந்தக் காலத்து மட்டக்களப்பில் சந்தேகப்படாமல் இருந்தவர் யார்? பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொந்த ஊரைச் சொல்லக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. வாவிக்கு இந்தக் கரையில் ஒருவரின் அதிகாரம், அந்தக் கரையில் இன்னொருவரின் அதிகாரம். நடுவில் நாங்கள் இருந்து மேற்கோள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம்.

கட்டுரையாளரின் பெயரை மறைத்துத்தான் மதிப்பாய்வுக்கு அனுப்புவோம். சின்ன இடம் என்பதால் அதில் பெரிய பிரயோசனம் இல்லை. மதிப்பாய்வாளர் மூன்றாம் பந்தியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார். பிடித்தபின், அது யாருடைய மருமகன், யாருக்கு வேண்டிய ஆள் என்று பார்த்துத்தான் பேனாவைத் திறப்பார். ஆகவே, வருகிற கருத்துகளையும் நான் முழுதாக நம்புவதில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன மறு வருடம் இளம் விரிவுரையாளர் ஒருவர் ஒரு கட்டுரை தந்தார். பழுகாமத்துக்காரர். நெல் விளைவிக்கிற குடும்பத்தில் இருந்து முதன்முதலாகப் படித்து வந்த பிள்ளை. கதைக்கும்போது நிலத்தைப் பார்ப்பார். தகுதிகாண் காலத்தில் இருந்தார். பதவி நிரந்தரமாக வேண்டுமானால் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். கல்லடியில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மாரைச் சந்தித்து எழுதியிருந்தார். அதில் ஒரு தாய் சொன்னது இது:

"அண்டைக்குக் காலம அவ முழுகிப்போட்டு வாசல்ல நிண்டு தலை காயவச்சவ. இரைச்சல் கேட்டுக் கிறுகிப் பாத்தன். ஆள் இல்ல. மறுகா அவட பாவாடதான் வேலிக் கம்பியில கிடந்திச்சி. காத்துக்கு ஆடிச்சி."

வாசித்துவிட்டு அழுதேன். நான் லேசில் அழுகிற ஆள் இல்லை. கட்டுரையை அந்த இதழிலேயே போட்டேன்.

இதழ் வெளிவந்து சில மாதங்களில் கொழும்பில் இருந்து ஓர் ஆய்வாளரின் முறைப்பாடு வந்தது. அவருடைய அறிக்கை எங்கள் இதழுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதன் பிரதியையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதே தாய், அதே வாசல், அதே பாவாடை. ‘பிறகு’ என்பதற்கு அந்தத் தாய் சொன்ன ‘மறுகா’கூட அதே இடத்தில் இருந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு களவைப் பார்த்தா அழுதேன் என்ற வெட்கமும் அதற்குள் இருந்தது.

விரிவுரையாளரைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினேன்.

"தம்பி, இத எங்க இருந்து எடுத்தீங்க?"

"எடுக்கல்ல மிஸ். நானே போய்க் கேட்டன். கசட்டில இரிக்கி."

"நல்லதாப் போச்சி. கசட்டக் கொண்டாங்க. போட்டுக் கேப்பம்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "அது தர ஏலா மிஸ்."

"ஏன் ஏலா?"

"ஏலா மிஸ்."

"விசாரணைக் குழு போடுவாங்க. களவெண்டு முடிவானா கட்டுரையத் திரும்ப எடுப்பம். வேலையும் போகும். பிறகு எந்தக் கம்பசிலயும் உங்கள எடுக்க மாட்டாங்க. விளங்குதா?"

"விளங்குது மிஸ்."

கசட் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இருந்தால் வேலை போகும் என்று தெரிந்தும் தராமல் இருப்பானா ஒருவன்?

ஆனாலும் பொறுக்கவில்லை. கட்டுரையாளரின் சாட்சியைத் தேடி ஆசிரியர் வீடு வீடாகப் போகிற வழக்கம் எந்த ஆய்விதழிலும் இல்லை. நான் பாலம் கடந்து கல்லடிக்குப் போனேன். அந்தத் தாயின் பெயரை அவர் மாற்றித்தான் எழுதியிருந்தார். ஆனால் சின்னக் கோயில், பொதுக்கிணறு, தலை முறிந்த பனை என்று வீடு இருக்கிற ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெருவை, அப்படியே வர்ணித்திருந்தார். அதை வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் வாசலில் போய் நின்றுவிட்டேன்.

அந்தத் தாய் கதிரை கொண்டுவந்து போட்டார். "எந்த நிறுவனம்?" என்றார்.

"நிறுவனம் இல்ல அக்கா, கம்பஸ்."

வேறொன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார். "அண்டைக்குக் காலம அவ முழுகிப்போட்டு..." நான் பாடமாக்கி வைத்திருந்த அந்தப் பந்தி, சொல் மாறாமல் வந்துகொண்டிருந்தது. வேலிக் கம்பி வரைக்கும் வந்து அவர் தடுமாறியபோது, கூப்பிடாமலே உள்ளே வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக் கொடுத்தாள்: "காத்துக்கு ஆடிச்சி." சொல்லிவிட்டு என் கைப்பையைப் பார்த்தாள். "கம்பசெண்டா பேரெல்லாம் எழுதுவீங்களோ?" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை களவெடுக்கவில்லை. கொழும்புக்காரருக்குச் சொன்னதைத்தான் இவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வருடம் கேள்விக்கொத்தோடு வந்து போகாத ஆள் இல்லை. எல்லோருக்கும் ஒரே கதை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும்போதே என் புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரித்தானே சொல்வாள்? சரி, அவளுக்குத்தான் சொல்லிச் சொல்லிப் பாடமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஏன் பாடமாக்க வேண்டும்?

அடுத்த நாள் விரிவுரையாளரிடம் சொன்னேன். "நீங்க களவெடுக்கல்ல. நான் போய்க் கேட்டன். அந்த ஒழுங்கையே ஒரே கதையத்தான் சொல்லுது. நான் குழுவில சொல்லுறன், பயப்படாதீங்க."

மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"சொல்லிப்போடாதீங்க மிஸ். ஒரே கதையெண்டு தெரிஞ்சா ஏனெண்டு கேப்பாங்க."

பிறகு மெல்லச் சொன்னார். அந்தத் தாயின் மகளை இயக்கம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. இயக்கம் இரண்டாக உடைந்தபோது பிள்ளை வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். பிறகு அவளை ஒரு பகுதி திரும்பத் தேடியது, மற்றப் பகுதியும் தேடியது, அரசாங்கத்து ஆட்களும் தேடினார்கள். அந்த நேரத்தில்தான் கடல் வந்தது. கடல் கொண்டுபோனது இவர் மகளை அல்ல. பள்ளிக்கூட விடுமுறைக்குக் கல்குடாவில் இருந்து வந்து நின்ற தங்கையின் மகளை. அக்காளும் தங்கையும் பிரேதத்தின் பக்கத்தில் இருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இறந்தவர்களின் பதிவில் ஓடிவந்த பிள்ளையின் பெயரைக் கொடுத்தார்கள். செத்தவளை எவரும் தேட மாட்டார்கள். உயிரோடு இருந்தவளைத் தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நிவாரணம் எழுத வருகிறவர் யார், வேவு பார்க்க வருகிறவர் யார் என்று தெரியாததால், ஒழுங்கை முழுவதும் ஒரு சொல்லும் மாறாமல் ஒரே கதையைச் சொல்வதென்று பேசிக்கொண்டார்கள்.

"எனக்கிட்டயும் அதத்தான் சொன்னவ. எழும்பி வரப்போகக்குள்ள அழுதழுது மற்றதையும் சொல்லிப்போட்டா. கசட் ஓடிக்கிட்டு இருந்ததப் பாக்கல்ல மிஸ், அவவும் பாக்கல்ல, நானும் பாக்கல்ல."

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது கோயிலும் கிணறும் பனையும்தான். என்னால் மத்தியானத்துக்குள் கண்டுபிடிக்க முடிந்தால் யாரால் முடியாது? அதை அச்சிட்டவள் நான்.

குழுவில் மூன்று பேர். நான், எதற்கும் தலையாட்டுகிற ஒருவர், மூத்த பேராசிரியர் ஒருவர். பேராசிரியரைப் பற்றி ஒரு கதை உலாவியது. பிள்ளைகளைத் தேடித் திரிகிற கூடாத ஆட்களோடு அவருக்குப் பழக்கம் என்று. உண்மையோ பொய்யோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அன்று அவர் அமைதியாக, நியாயமாகக் கேட்டார்: "கசட் இல்லாட்டிப் பரவாயில்ல. நாங்களே போய் அந்த அம்மாவைக் கேட்டா என்ன? எந்த ஒழுங்கை தம்பி அது?"

அவருடைய இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஒழுங்கான எந்த விசாரணையும் அதைத்தான் கேட்கும். ஆனால் அந்த ‘எந்த ஒழுங்கை’ என் காதுக்குச் சரியாகப் படவில்லை. அவருடைய கண்ணாடியைப் பார்த்தேன், பேனாவைப் பார்த்தேன், முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

பிள்ளை என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு முதல்தடவையாக நிலத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நான் அங்க போகவே இல்ல சேர். அறிக்கையப் பாத்துத்தான் எழுதினன். கொப்பி அடிச்சதுதான்."

தலையாட்டுகிறவர் தலையாட்டினார். பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். அவர் சொன்னதைக் குழுவின் குறிப்பில் நான் எழுதிக்கொண்டேன்.

அறிவித்தலை எழுத வேண்டியவள் ஆசிரியர் என்ற முறையில் நான். கட்டுரையில் உள்ள வாக்குமூலம் பிறர் அறிக்கையில் இருந்து எடுக்கப்பட்டது என்றும், நேர்காணல் நடைபெறவே இல்லை என்றும், கட்டுரையாளர் இதை ஒப்புக்கொண்டுள்ளார் என்றும் எழுதினேன். மழுப்பலாக எழுதப்படும் திரும்பப் பெறல் அறிவித்தல்களைத் திட்டித் தீர்க்கிறவள் நான். இது மழுப்பல் இல்லாத அறிவித்தல். அவர் ஒப்புக்கொண்டார் என்பதைத் தவிர ஒரு வரிகூட உண்மை இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றாகிவிட்டது என்ற சாட்டில் நூலகத்துக்கும் களஞ்சிய அறைக்கும் போய், எஞ்சிய இதழ்களில் எல்லாம் அந்தப் பக்கங்களை வெட்டி எடுத்து எரித்தேன். பிள்ளை பழுகாமத்துக்குத் திரும்பி, தகப்பனோடு வயல் வட்டையில் இறங்கினார். ஊரில் அவரை ‘கொப்பி மாஸ்டர்’ என்று பகிடி பண்ணினார்களாம்.

போர் முடிந்தது. வாவியின் அந்தக் கரைக்குக் கேட்டுக் கேள்வி இல்லாமல் போய்வரலாம் என்றான பிறகு பழுகாமத்துக்குப் போனேன். வரம்பில் நின்றவரைக் கூப்பிட்டு, "இனிப் பயமில்லத்தானே தம்பி. அந்த அறிவித்தல மாத்திப்போடுவம். நடந்தத எழுதுவம்" என்றேன்.

சேற்றுக் காலோடு நின்று சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இத்தனை நாளும் அதை எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார் என்று அந்த முகத்தில்தான் தெரிந்தது.

"அந்த அம்மாட்டக் கேளுங்க மிஸ். அவ ஓமெண்டா எனக்கும் ஓம்."

கல்லடிக்கு இருவருமாகப் போனோம். வீட்டுக்கு வர அவர் விரும்பவில்லை. சந்திக் கடையடியில் நின்றுகொண்டார். நான் தனியாகப் போனேன். அந்தத் தாய் மெலிந்திருந்தார். உள்ளே இருந்து ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். தாயின் அதே அகன்ற நெற்றி, அதே மேலெழுந்த பல். யாரும் சொல்லத் தேவையில்லை.

"இது என்ட தங்கச்சிட மகள்" என்றார் தாய், நான் கேட்காமலே. "கல்குடா."

"சண்டை முடிஞ்சிதானே அக்கா" என்று தொடங்கினேன்.

"முடிஞ்சிதாம். போன கிழமையும் ரெண்டு பேர் வந்து வீட்டில ஆர் ஆர் இரிக்காங்கெண்டு எழுதிக்கிட்டுப் போனாங்க."

அந்தப் பெண் தேத்தண்ணி கொண்டுவந்து எனக்குத் தந்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பி, சாதாரணமாக, பழகிப்போன குரலில், "பெரியம்மா, உங்களுக்குச் சீனி போடட்டா?" என்று கேட்டாள்.

"போடு மகள்" என்றார் தாய்.

நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்து, வாறன் என்று சொல்லிவிட்டு எழும்பினேன். சந்தியில் அவர் கழுவித் தேய்த்த சேட்டோடு நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டப் போக முன்னரே என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"பரவால்ல மிஸ்" என்றார். "பஸ் வருது, ஏறுவம்."