வகிட்டுக் குங்குமம்

அம்பத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். மாப்பிள்ளையைக் கொஞ்சம் சிவப்பாக்கு, சேலைக்கு இன்னும் பளபளப்புக் கொடு என்று கேட்பவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்துக் கை தேர்ந்துவிட்டது. நிறம் பார்ப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட எனக்கு வாய்த்த கணவருக்குச் சிவப்பு எது, பச்சை எது என்று தெரியாது.

ரயில்வே வேலைக்கான கண் பரிசோதனையில் கழித்துக்கட்டிய அன்றுதான் அவருக்கே அது தெரிந்ததாம். இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயும் பழமுமாக அள்ளிக்கொண்டு வருவார். நான் கத்துவேன், அவர் சிரிப்பார். அதோடு முடிந்துவிடும்.

போன வருடம் கொரட்டூரில் சொந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். ஹால் சுவரில் மாட்ட எங்கள் கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிடலாம் என்று கம்ப்யூட்டரில் வரிசையாகக் காட்டினேன். என் கழுத்தைச் சுற்றிக் கையை வளைத்து, வகிட்டில் குங்குமம் வைத்துவிட்டு அவர் கையை எடுக்கிற படம்தான் என் தேர்வு. அவர் அதைத் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

"இது வேணாமே. உன் தலைக்கு மேல கைய வெச்சுட்டு சும்மா நிக்கிறேன். இதுல என்ன இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. "குங்குமம் வெச்சீங்களேங்க, தெரியலையா?"

திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "படத்துல ஒண்ணும் காணோமே. அன்னைக்கும் எனக்குத் தெரியல. ஐயர் சொன்னாரு, விரல்ல எடுத்தேன், வெச்சேன். எல்லாரும் சிரிச்ச முகமா நின்னாங்க, சரி, பட்டிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

தன் கையால் வைத்த குங்குமத்தை இத்தனை வருடமாக அந்த மனுஷர் ஊரார் முகத்தைப் பார்த்துத்தான் நம்பியிருக்கிறார். என் மனசு கேட்கவில்லை. அவர் கண்ணுக்கு அதைக் காட்டாமல் விடுவதில்லை என்று மறுநாள் ஸ்டூடியோவில் உட்கார்ந்தேன்.

நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குப் படம் எப்படித் தெரியும் என்று காட்டும் வசதி எங்கள் மென்பொருளிலேயே உண்டு. அதுவரை நான் தொட்டதில்லை. தொட்டதும் திக்கென்றது. அரக்குச் சேலையும் பச்சைக் கரையும் ஒரே சேற்று நிறமாகிவிட்டன. வகிட்டில் வெறும் கறுப்பு முடி. சிவப்பு அவருக்கு இருட்டு, இருட்டு கறுப்போடு கலந்துவிட்டது. வழக்கம்போலச் சிவப்பை ஏற்றிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. பிறகு குங்குமத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வெளிச்சம் கூட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நீலம் சேர்த்தேன்; அவர் கண்ணுக்குத் தெரியும் படத்திலும் வகிட்டில் ஒரு கோடு எழுந்து வந்தது.

ஸ்டூடியோ முதலாளி பின்னால் வந்து நின்றார். "இன்னாமா இது? பொண்ணு தலைல ரோஸ் பவுடர கொட்டி வெச்சுகீறே! கஸ்டமர் பாத்தா அடிக்க வருவான்."

"இந்த கஸ்டமர் வரமாட்டார் சார், எங்க வீட்டுக்காரர்தான்" என்றேன். கரையையும் மயில் நீலமாக்கி முடித்தேன். என் வேலையிலேயே இதுதான் சிறந்த வேலை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அச்சிட்ட படத்தை அவர் முன்னால் பிரித்தேன். கிட்டே குனிந்து பார்த்தார். பிறகு வகிட்டில் விரலை வைத்து நெற்றி வரைக்கும் மெதுவாக இறக்கினார்.

"கோணலா வெச்சிருக்கேன். மூக்கு மேலகூட கொட்டியிருக்கு. ஏன் யாருமே சொல்லல?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலுக்குள் நுழைந்ததும், குங்குமம் ஏன் ரோஸாக இருக்கிறது என்று கேட்காமல் இருப்பதில்லை. விளக்கம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்வார்.

"எனக்குத் தெரியணும்னு என் பொண்டாட்டி மாத்தின கலர் அது. கோணல் மட்டும் என்னுது."