தெளிவில்லை என்று போடுகிறவர்

பெடல் என்கிற அவர் பேர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு பிறந்தநாள் விருந்தில், அதுவும் மேசைக்கு அடியிலிருந்து. மேலே, அவருடைய மனைவி வழிப் பெரிய மாமா விமான நிலையத்தில் தன் பெட்டி தொலைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா வாயைத் திறந்தால் கேட்கிறவர்களுக்குத்தான் மூச்சு வாங்கும். கீழே, உருண்டு போன பந்தைத் தேடிப் போயிருந்த மனைவியின் அக்கா மகன், அப்போது நாலு வயசு வாண்டு, அங்கிருந்தே குரல் கொடுத்தான். “அம்மா, சித்தப்பா தரையில பெடல் போடறாரும்மா.” மேசை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள். உண்மைதான். மாமாவின் பேச்சு வேகமெடுத்தபோதெல்லாம் சித்தப்பாவின் வலது பாதம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏதாவது பிடிபடாமல் போனால் இடது பக்கம் சாய்ந்து வெறும் தரையை ஒரு அமுக்கு அமுக்கியது. மாமாவை நிறுத்துவதற்கும் பின்னுக்குச் சுற்றுவதற்கும் அந்தக் கால் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாமா நிற்கவே இல்லை. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

சித்தப்பா செய்கிற வேலை அப்படி. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர்கள், ஒவ்வொரு பிராணியையும் பார்த்து முடித்த கையோடு, என்ன பார்த்தோம் என்ன மருந்து கொடுத்தோம் என்று வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இவர் வீட்டில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைத் தட்டச்சு செய்வார். மேசைக்கு அடியில் கறுப்பாக ஒரு பெடல். நடுவில் மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், இடது ஓரத்தை மிதித்தால் பின்னால் போகும். கை தட்டிக்கொண்டே இருக்க, டாக்டரைக் கட்டி மேய்க்கிறது கால். காதில் விழுந்தது எதுவானாலும் தட்டிவிடுவார். ஒரு தடவை டாக்டர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்த கிளி ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறது. கிளியின் அறிக்கையில் அதுவும் ஏறிவிட்டது. எத்தனை தடவை சுற்றிக் கேட்டும் விளங்காத இடம் வந்தால் அங்கே ‘தெளிவில்லை’ என்று போடவேண்டும். ஊகித்து எழுதக்கூடாது. அந்தத் தொழிலில் அது ஒன்றுதான் வேதம்.

மனைவி நகர ரயில் ஓட்டுகிறவர். விடியலில் போனால் மதியம் வருவார், மதியம் போனால் ஊர் அடங்கி வருவார். “எங்க வீட்ல வண்டி ஓட்டறது நான், பெடல் போடறது அவரு” என்பது அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வது.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மகள். பதிமூன்று முடிந்து பதினாலு நடக்கிறது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். போன வருஷம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து, போவதும் திரும்புவதுமாகப் பாதி வருஷத்தைத் தின்றுவிட்டது. தேறி எழுந்தபோது காலில் வலு இல்லை, கணக்கில் அடியோடு வலு இல்லை. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கு வரட்டும், இரண்டு நாள் வீட்டில் இருந்தபடி பெரியவர்கள் யாராவது சொல்லிக்கொடுக்கட்டும், வருஷக் கடைசியில் கணக்கு டீச்சர் முன்னால் வாய்விட்டு விளக்கிச் சொல்லித் தேறினால் தன் வகுப்போடு மேலே போகலாம், இல்லாவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு வருஷம் என்றால் யாரோடு? கீழ் வகுப்பிலிருந்து ஏறி வருகிறவர்களோடு. அதில் ஒருத்தன், மேசைக்கு அடியில் பேர் வைத்தானே, அந்தப் பெரியம்மா மகன். செய்தி தெரிந்த அன்றைக்கே போன் செய்துவிட்டான். “அக்கா, சன்னல் பக்கமா எடம் புடிச்சு வெக்கட்டுமா?” வக்கீல் அன்று இரவு சாப்பிடவில்லை. “அவன் பக்கத்துல உக்காந்து அவனுக்கு அக்காவா இருக்கறதுக்கு, நான் பள்ளிக்கூடமே போகல” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டிலிருக்கிற பெரியவர் யார்? பெடல்தான்.

முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஒரு சட்டம் வந்தது. ஹெட்போன் இரண்டு காதிலும் இருந்தால் அப்பா வேலையில் இருக்கிறார், வீடு தீப்பிடித்தால் மட்டும் கூப்பிடலாம். ஒரு காதில் இருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம். கழுத்தில் கிடந்தால் சண்டைக்கே வரலாம். சட்டத்தைப் போட்டவளும் அவள்தான், ‘ஒரு கேள்வி’ என்பதற்குள் கிளைக் கேள்விகளும் அடக்கம் என்று அதில் ஓட்டை போட்டவளும் அவள்தான். மேசையில் அவருக்குக் கணினி இருக்கிற பாதி, அவளுக்குப் புத்தகம் இருக்கிற பாதி. நடுவில் எல்லைக்கோடு போல ஒரு நீளமான அடிக்கோல்.

பாடம் சொல்லிக்கொடுப்பதில் ஒரே ஒரு சங்கடம்தான். பெடலுக்கும் கணக்கு வராது. அவர் பள்ளியில் படித்த காலத்தில் கணக்குத் தாள் கொடுக்கிற நாளில் எல்லாம் அவருக்கு வயிற்றுவலி வந்துவிடும் என்று அவர் அக்காமார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பூனையின் குடலைப் பற்றி லத்தீனில் சொன்னாலும் அவருக்குப் புரியும், இது புரியவில்லை. மூன்று நாள் முழித்தார். நாலாம் நாள் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தார். “கண்ணு, நீ படிச்சதை உன் வாயால போன்ல பேசிப் பதிவு பண்ணு. நான் கேட்டு அடிக்கறேன்.”

அப்படி ஆரம்பித்தது. அவள் தன் அறையில் உட்கார்ந்து பாடத்தைத் தனக்குப் புரிந்த மாதிரி பேசி அனுப்புவாள். அவர் ஒரு மாட்டு வயிற்றுக்கும் ஒரு நாய்க் காதுக்கும் நடுவில் அதை ஓடவிட்டு, டாக்டரின் அறிக்கையைப் போலவே பத்தி பிரித்துத் தட்டி, அச்சடித்துக் கொடுப்பார். எங்கெல்லாம் தனக்கு விளங்கவில்லையோ அங்கெல்லாம் ‘தெளிவில்லை’. முதல் தாளைப் பார்த்து வக்கீலுக்கு வந்த கோபம் இருக்கிறதே. பாடத்தைவிடத் தெளிவில்லைதான் அதிகமாக இருந்தது.

“நான் தெளிவாத்தானே சொன்னேன்ப்பா.”

“காதுக்குத் தெளிவாத்தான் இருக்கு. மண்டைக்கு இல்ல.”

“அது ஒங்க மண்டையோட கோளாறு.”

“இருக்கலாம். இந்த மண்டைக்கு ஏறுச்சுன்னா எந்த மண்டைக்கும் ஏறிடும்ல.”

வக்கீல் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனாள். மறுபடி பதிவு, மறுபடி தாள். தெளிவில்லை ஒன்றிரண்டு குறைந்திருந்தது. குறைத்துக் காட்டுகிறேன் பார் என்று வீம்புக்கே கணக்கைப் பிசைந்து பிசைந்து படித்தாள். ஒரு தெளிவில்லைகூட இல்லாமல் ஒரு தாள் வந்த நாளில், அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, அதன் முன்னால் நின்று ஒரு ஆட்டம் போட்டாள். அவர் இரண்டு காதிலும் ஹெட்போனோடு, கையால் ஆட்டுக்குட்டியின் கால்முறிவைத் தட்டிக்கொண்டே, தோளால் கூடவே ஆடினார்.

வேலையும் பாடமும் ஒரே தலைக்குள் ஓடினால் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்குமா? ஒரு பூனையின் அறிக்கை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அதில் இப்படி இருந்தது: ‘இடது காதில் புண். சீழ் இல்லை. இல்ல கண்ணு, அடைப்புக்குறிக்குள்ள இருக்கறத மொதல்ல முடி. மூன்று நாள் சொட்டு மருந்து.’ மகளுக்கு வாயால் சொன்ன பதிலைக் கையும் தட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். இன்னொரு புகார் வந்தால் வீட்டிலிருந்து வேலை ரத்து, தினமும் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து தட்டவேண்டியதுதான் என்றார். அவர் அலுவலகம் போனால் அந்த இரண்டு நாளும் வீட்டில் பெரியவர் யாரும் இல்லை. ஏற்பாடு முடிந்தது. சன்னல் பக்கத்து இடம் காத்திருந்தது.

அன்றிலிருந்து ஹெட்போன் இரண்டு காதைவிட்டு இறங்கவே இல்லை. வக்கீலும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள். வீடு வீடாகவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரயில் கணக்கு வந்து சேர்ந்தது. இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன, எப்போது சந்திக்கும் என்கிற கணக்கு. மனைவி வேலையிலிருந்து வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் அதைப் படித்தார். “எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வந்தா நாங்க கணக்குப் போடமாட்டோம், பிரேக் போடுவோம்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வக்கீல் பாடத்தைப் பேசி அனுப்பினாள். எல்லாம் நன்றாகத்தான் சொல்லியிருந்தாள், ஒரு இடம் தவிர. இரண்டு ரயிலின் வேகத்தையும் ஏன் கூட்டவேண்டும்? ‘கூட்டணும், அவ்ளோதான்’ என்றிருந்தாள். பெடல் சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு அங்கே தெளிவில்லை போட்டார். போட்டவர் அடுத்ததாக ஒரு ஆமையின் அறிக்கையையும் முடித்து, இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

மாலையில் போன் அடித்தது. பேசியது ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா. அப்பாவும் மகளும் தங்களுக்குள் கடலை டாக்டர் என்று சொல்வது அவரைத்தான். வேர்க்கடலையை மென்றுகொண்டேதான் நோயைச் சொல்வார், மற்ற எல்லா டாக்டர்களுக்கும் போடுகிற தெளிவில்லைகளைச் சேர்த்தாலும் இவர் ஒருத்தருக்குப் போடுவதற்கு ஈடாகாது.

“நான் சொன்னது ஒரு ஆமையப் பத்தி. வந்திருக்கறது ரெண்டு ரயிலப் பத்தி.”

பெடல் எதுவும் மறைக்காமல் சொன்னார். மகள் விஷயம், பாடம், சூப்பர்வைசர் சொன்னது, எல்லாம். மேசைக்கு அந்தப் பக்கம் வக்கீல் அடிக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் வந்தது.

“இத்தன வருஷமா எனக்கு மட்டுந்தான் வேணும்னே தெளிவில்லைன்னு போடறீங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார் டாக்டரம்மா. “பெத்த பொண்ணுக்கும் போடறீங்களே.”

“புரியலேன்னா யாரா இருந்தாலும் போடுவேங்க.”

“அந்த வேகத்தக் கூட்டற எடம் எனக்கும் தெளிவில்ல. பொண்ணுகிட்டக் குடுங்க.”

வக்கீல் போனை வாங்கினாள். எடுத்ததும் திணறினாள், புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தாள், டாக்டரம்மா புரியவில்லை என்றார். இன்னொரு விதமாகச் சொன்னாள், அதுவும் புரியவில்லை. அந்தக் கர்ர்முர்ரென்ற மெல்லுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றவளுக்கு எங்கிருந்து வந்ததோ. “ஒரு நீளத் தட்டு நெறைய கடலை வெச்சுக்கங்க டாக்டர். நீங்க அந்தக் கோடியிலேர்ந்து தின்னுட்டு வாங்க, நான் இந்தக் கோடியிலேர்ந்து தின்னுட்டு வரேன். நடுவுல இருக்கறத ரெண்டு பேரும் சேந்துதானே தீக்கறோம். நீங்க திங்கற வேகமும் என் வேகமும் கூட்டுனாத்தானே எப்ப தீரும்னு தெரியும். ரயிலும் அப்படித்தான், நடுவுல இருக்கற தூரத்தத் திங்குது.”

மெல்லுகிற சத்தம் சட்டென்று நின்றது.

“நான் கடலை திங்கறது ஒனக்கு எப்படித் தெரியும்?”

வக்கீலின் முகம் போன போக்கைப் பார்த்துப் பெடல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். மறுமுனையில் டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். ஆமை அறிக்கையைப் பத்து நிமிஷத்தில் அனுப்பச் சொல்லு, சூப்பர்வைசருக்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்றார். அதற்கப்புறம் அவர் அனுப்புகிற பதிவுகளில் மெல்லுகிற சத்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நோயின் பேர் வருகிற இடத்தில் நிறுத்தி, விழுங்கிவிட்டுச் சொல்கிறார். ஹெட்போனும் பழையபடி ஒரு காதுக்கு இறங்கியது.

வருஷக் கடைசியில் அந்த நாள் வந்தது. கணக்கு டீச்சர் உள்ளே மகளை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை அந்தக் கதவு. பெடல் வெளியே, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். கையில் வேலை இல்லை, காதில் ஹெட்போன் இல்லை. டீச்சர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், “சரி, ரெண்டு வேகத்தையும் ஏன் கூட்டற?” என்றது காதில் விழுந்தது. அவர் பாதம் தூக்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. அப்புறம் மகளின் குரல், அவசரமில்லாமல், “ஒரு நீளத் தட்டு நெறைய கடலை வெச்சுக்கங்க டீச்சர்” என்று ஆரம்பித்தது.

அவள் வகுப்போடு மேலே போய்விட்டாள். சன்னல் பக்கத்து இடத்தில் அந்த வாண்டு தன் பையை வைத்துக்கொண்டிருக்கிறான். காலில் வலு வந்துவிட்டது, இனி வாரம் முழுக்க வரலாம் என்று பள்ளியில் சொன்னபோது வக்கீல் போய் வாதாடி புதன்கிழமையை மட்டும் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள்.

இன்றைக்குப் புதன்கிழமை. பெடல் தன் மேசையில்தான் இருக்கிறார். திரையில் ஒரு கழுதையின் அறிக்கை பாதியில் நிற்கிறது. ஹெட்போன் கழுத்தில் கிடக்கிறது. எதிரே மகள் எதையோ விளக்கி முடித்து, “என்னப்பா, தெளிவா?” என்கிறாள். எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேசைக்கு அடியில் அவர் கால், பின்னுக்குச் சுற்றுகிற அந்த இடது ஓரத்தை மிதிக்கிறது.