கண்ணில்லாத புழுவும் கங்காணியின் குடையும்

கருவாட்டு வியாபாரத்தில் கடைக்கு முதலில் வருவது ஈ, அப்புறம்தான் ஆள். இதே தொழிலில் கிடந்து வேகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெயில் வைத்தியம்

கண்டியில் மழை விடாமல் பெய்த காலம். மூட்டையைப் பிரித்தேன், வெள்ளைப் புழு நெளிந்தது. கோப்பி, அதாவது காப்பிப் பழம் பறிக்கும் நேரம் வேறு, தோட்டத்தில் ஆள் நிறைந்திருக்கும். வத்தேகமப் பக்கத்துத் தோட்டக் கங்காணி தன் ஆட்களுக்கெல்லாம் என்னிடம்தான் கருவாடு எடுப்பார். ஒரு புழுவைக் கண்டாலும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். அவர் போனால் நான் கடையை மூட வேண்டியதுதான்.

வெயில் எட்டிப் பார்த்ததும் பாயில் பரப்பினேன். புழுக்கள் இறங்கிப் பாய்க்கு அடியில் ஓடின. கண்ணே இல்லாததற்கு வெளிச்சம் எப்படித் தெரிந்தது என்று பக்கத்துக் கடையில் அரிசி விற்கும் முஸ்லிம் அண்ணன், நானாவிடம் கேட்டேன். மடவளை ஊர்க்காரரான அவர் சிரிக்காமலே சொன்னார்: "கண் இருந்தா உங்கட கருவாட்டுக்குள்ள வந்து விழுந்திருக்குமா, தங்கச்சி?"

கூரை ஓட்டை

வெளிச்சமா, சூடா, எது விரட்டுகிறது? சந்தேகம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. குளிர் விறைத்த ஒரு காலையில் கூரை ஓட்டை வழியே பொட்டளவு வெளிச்சம் விழுந்தது. கை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. முறத்தில் ஒரு புழுவை விட்டு, அதன் பின்பக்கத்தில் மட்டும் வெளிச்சம் படும்படி நகர்த்தினேன். நெளிந்துகொண்டு இருட்டுக்குள் போனது. நடு உடம்பில் பட்டபோதும் அதேதான். தோலே பார்க்கிறது!

என் வீட்டுக்காரர் இன்னும் படுத்திருந்தார். "முதுகில் வெளிச்சம் பட்டால் புழுகூட நகருது" என்றேன். போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது: "விடிஞ்சா நீ வேலை சொல்லுவேன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு."

குடை

கருவாடு வெயிலில் கிடக்கும்போதே கங்காணி வந்துவிட்டார். குடையைப் பிடித்தபடி பாயருகே குந்தினார். மிச்சமிருந்த புழுக்கள் குடை நிழலை நோக்கித் திரும்பின. "ஐயா, குடையை மடக்குங்க" என்று பதறிச் சொல்லிவிட்டேன். தோட்டத்துத் துரைக்கு முன்னால் மட்டுமே குடை மடக்குகிற மனிதர் அவர். "கருவாட்டுக்காரிக்கு முன்னாடி நான் மடக்கணுமா?" என்று இன்னும் தாழ்த்திப் பிடித்தார். நிழல் கருத்தது. புழுக்கள் ஊர்வலமாக அவர் கால்விரலில் ஏறின. துள்ளி எழுந்தார்.

பிழைப்பு போச்சு என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் காலை உதறிவிட்டுக் கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு புழு இல்லை. "எல்லாத்தையும் என் காலுக்கே வரவச்சிட்டியே, இனி மூட்டையில என்ன இருக்கும்? கட்டும்மா. ஆனா நான் குதிச்சத எங்க ஆளுங்ககிட்ட சொல்லிறாத."

புழு நிழலைத் தேடுகிறது, நான் வெயிலைத் தேடுகிறேன், கண்டி வானம் எங்கள் இருவருக்கும் மழையைத்தான் கொடுக்கிறது.