அந்த ஆபரேட்டரின் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை

அங்கன்வாடியில் ஒரு குழந்தையைத் தராசில் உட்கார வைத்திருந்தபோது போன் வந்தது. மேரியின் கணவர் அந்தோணி அண்ணன். “தங்கச்சி, மேரி போயிட்டாம்மா” என்றார். எங்கே போனாள் என்றுதான் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம் என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டு பஸ் ஏறியவள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். மாரடைப்பு.

சுகாதார நிலையத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் சகாயமேரியைப் பற்றிப் பேசினீர்கள். தங்கமான மனசு என்றீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டீர்கள். துக்கம் இல்லை, கோபம். அவள் எங்களை ஏமாற்றிவிட்டாள்.

இலுப்பூர் பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியர்கள் மேரியோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர். கர்ப்பிணிகளைப் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, வீடு வீடாக நடப்பது, இதெல்லாம் எங்களுக்குப் பழகிய வேலை. அதன்மேல் ஆன்லைன் பதிவு வந்தது. பகலில் நோட்டில் எழுதியதை எல்லாம் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்த சர்வர் பாதி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அடுப்பில் சாதம் கொதிக்கும், மடியில் லேப்டாப் சுற்றும். சோறு குழைந்த நாட்கள்தான் அதிகம்.

ஒரு புதன்கிழமை தடுப்பூசி முகாமில் அட்டையைத் தொலைத்துவிட்டு வந்த ஒரு சின்னப் பெண்ணைக் கண்டபடி திட்டினேன். பிள்ளையை அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். நானோ என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் நின்றேன். மேரி என் கையிலிருந்த ஊசியை வாங்கிவிட்டு என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். “வசந்தி, அந்தப் புள்ள மேல கோவம் இல்லடி ஒனக்கு. ஒடம்பு முடியல. நாளைக்கு லீவு போடு” என்றாள். என்ன காரணம் எழுதுவது என்று கேட்டேன். “சொந்த வேலைன்னு எழுது. தூங்குறதும் சொந்த வேலைதான்.”

அடுத்த மாதமே ஐந்து பேரையும் கூப்பிட்டு, எங்கள் சுகாதார நிலைய டாக்டரிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். “என்ட்ரி வேலைக்கு ஒரு பொண்ணப் போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமை நோட்ட எங்கிட்ட குடுங்க, அங்கிட்டு நான் சேத்துர்றேன். பாஸ்வேர்டையும் எழுதிக் குடுங்கடி.” கொடுத்தோம். ஊரே மாறிப்போனது மாதிரி இருந்தது. ஐந்து மணிக்கு வீடு, ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. என் மகள் ஒருநாள், “அம்மா, நீ இப்ப கத்துறதே இல்ல” என்றாள். அன்றைக்கு மேரிக்குப் போன் போட்டு அழுதேன்.

அந்த ஆபரேட்டர் பெண்ணின் மேல் எங்களுக்கு அவ்வளவு பிரியம். தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்பினோம். மேரி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து, “ரொம்ப நல்லா இருந்துச்சாம்” என்றாள். ஒருமுறை என் ஊர்க் கர்ப்பிணி ஒருத்தியின் எடை நாற்பத்தெட்டுக்குப் பதில் எண்பத்துநான்கு என்று ஏறியிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். “கண்ண எங்க வச்சுக்கிட்டு ஏத்துது அது? தூங்கி வழியுதா?” என்று மேரியிடம் கத்தினேன். “சொல்லிர்றேன்டி. பாவம், அதுக்கும் தூக்கம் வருமுல்ல” என்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மேரியின் ஊரான ஆவூரில் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்தோணி அண்ணன் ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார். உள்ளே எங்கள் ஐந்து பேரின் நோட்டுகள். “இத இனிமே யாருகிட்ட குடுக்கணும் தங்கச்சி? பாதிதான் ஏத்திருக்கா. விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சுருவா. அப்பத்தான் சர்வர் ஓடும்பா. நீங்கள்லாம் ஒங்களால முடிஞ்சத ஏத்திட்டு மிச்சத்தக் குடுக்குறீங்கன்னு சொன்னாளே?” ஆபரேட்டர் என்று ஒருத்தி இருந்ததே இல்லை. இரண்டு வருடம்! ஒருத்திகூட அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மேரி மாட்டியிருப்பாள். கேட்காமல் இருப்பதுதான் எங்களுக்கும் வசதியாக இருந்தது.

அந்த வேலைதான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை; எனக்குத் தெரியாது. ஆனால் டாக்டரிடம் போய் நின்றபோது அவர் சொன்னது இன்னும் ஆறவில்லை. “அவங்க எங்கிட்ட ஆள் கேக்கவே இல்லையேம்மா. பதிவெல்லாம் ஒழுங்கா வந்துச்சு. அப்ப பிரச்சினை இல்லன்னுதான நெனைப்பேன்?” நியாயம்தானே? ஓய்வு எடு, முடியாததை முடியாது என்று சொல் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவள், தான் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு பேரும் சேர்ந்து போட வேண்டிய சண்டையை எங்களுக்கே தெரியாமல் மூடிவிட்டாள். என்னடி நினைத்தாய் எங்களை? நாங்கள் என்ன பச்சைப்பிள்ளைகளா?

“இப்போதைக்கு நீங்க பாத்துக்கங்க வசந்தி, மேரி பாத்த மாதிரி” என்றார் டாக்டர். சரி என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. கர்ப்பிணிகளுக்குப் பதிவு எண் கிடைக்காவிட்டால் பாவம் அவர்கள்தான் உதவித்தொகைக்கு அலைவார்கள். “பாக்குறோம் சார். ஆனா ஆபீஸ் நேரத்துல, ஒங்க கண்ணு முன்னாடி” என்றேன். ஐந்து பேரும் அவர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். சர்வர் சுற்றுவதை அவரும் பார்த்தார். மிச்சத்தை ஏற்றி முடிக்க இரண்டு பகல் ஆனது. அந்த இரண்டு நாளும் ஐந்து ஊர்களுக்கு நர்ஸ் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே ஆள் கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

இதுவரை இந்தப் பணியைச் செய்தவர் யார் என்று எழுத வேண்டிய இடத்தில் அவர் கோடு போடப் போனார். “அப்படி ஒரு போஸ்ட்டே இல்லையேம்மா.” பேனாவை வாங்கி, சகாயமேரி என்று நானே எழுதினேன்.

ஆள் இன்னும் வரவில்லை. மேரி, உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இந்தக் கோபம்தான். இதை ஆறவிட்டால், நாளைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன்.